துளசி மாலையும் திறக்காத விளக்குக் கதவும்

இதை எழுத உட்கார்ந்து, நாலு வரி எழுதி, கிழித்துப் போட்டது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்தவன், எழுத்து கூட்டி எழுதுவேன். எழுதினால் என் மனைவி மக்கள் படிப்பார்களே என்ற பயம். இப்போது ஒர்க் ஷாப்பை மகனிடம் விட்டுவிட்டேன். பெருமாள் கூப்பிடும் முன் எழுதிவிட வேண்டும் என்று இன்று காலை விளக்கேற்றும்போது தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் செஞ்சியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். டைனமோ, செல்ஃப் மோட்டார், பேட்டரி, ஒயரிங் எல்லாம் செய்வேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அதைவிட எனக்கு ஒரு பாரம் உண்டு.

1. கண் மூடும் வண்டி

அறுபத்தேழோ அறுபத்தெட்டோ, சரியாக நினைவில்லை. புரட்டாசி மாதம் என்பது மட்டும் மறக்காது. திண்டிவனம் ரோட்டில் ரைஸ் மில் வைத்திருந்த சபாபதி முதலாளி, மெட்ராஸில், தன் தேசத்துக்குத் திரும்பக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஓர் அமெரிக்கன் கார் வாங்கி வந்தார். என் ஒர்க் ஷாப் அவருடைய மில்லை ஒட்டிய தகரக் கொட்டகைதான். அவர் பார்த்து இருக்கச் சொன்ன இடம்.

அந்தக் காருக்கு முன்னால் விளக்கே தெரியாது. பார்க்க வழவழவென்று மூடிக் கிடக்கும். டேஷ்போர்டில் ஒரு குமிழ். அதை இழுத்தால் உள்ளே விளக்கு எரியும், கூடவே இரண்டு பக்கமும் இரும்புக் கதவு மேலே ஏறித் திறக்கும். தள்ளினால் விளக்கு அணைந்து கதவு மூடிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு சின்ன மோட்டார், அதோடு ஒரு பல் சக்கரம், கதவைத் தூக்க ஒரு இரும்புக் கை. மோட்டார் நின்றால் பானட்டைத் தூக்கிக் கையால் சுற்றித் திறக்க ஒரு திருகு. கதவு முழுசாகத் திறந்ததும் கரண்டை நிறுத்த லிமிட் சுவிட்ச். இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே ஒரு சர்க்யூட் பிரேக்கர். ஒரு மோட்டார் சிக்கினாலும் பிரேக்கர் 'டிக்' என்று விழுந்து இரண்டையும் நிறுத்திவிடும். கொஞ்சம் ஆறினதும் தானாக மறுபடி சேரும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகமும் இல்லை. கரண்டு இருந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒயர் ஒயராகத் தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு தடவை பார்த்துத்தான் தொடுவேன். எரித்துவிட்டால் அந்தச் சாமான் இந்தத் தேசத்திலேயே கிடைக்காது.

அதற்கு டிரைவர் ஏழுமலை. எனக்கு நாலைந்து வயது மூத்தவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான், வண்டியில் ஏறினால் மட்டும் பேச மாட்டார். அந்தக் காருக்கு அவர் வைத்த பெயர் துரைசாணி, வெள்ளைக்கார அம்மா என்று.

"மூர்த்தி, துரைசாணி பகல்ல தூங்குவா. ராத்திரியானாதான் கண்ணத் தொறப்பா. நம்ம ஊரு பொண்ணுங்க மாதிரியா, விடியறதுக்குள்ள எழுந்து சாணி தெளிக்க?" என்பார்.

2. பத்து தடவை பார்த்தேன்

ஒரு சனிக்கிழமை முற்பகல் ஏழுமலை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். வலது பக்கக் கதவு மெதுவாக ஏறுகிறது என்றார். அன்று சாயந்திரம் முதலாளி திண்டிவனம் போய் மெட்ராஸ் ரயில் பிடிக்க வேண்டும்.

எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. சுரண்டி, இறுக்கிக் கட்டினேன். பல் சக்கரத்தில் காய்ந்து போன பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தேன். குமிழை இழுத்தேன், தள்ளினேன். பத்து தடவை எண்ணிப் பார்த்தேன். பத்து தடவையும் இரண்டு கதவும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின.

வேலை முடிந்த எந்த வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் அனுப்புவேன். இன்றைக்கும் என் மகன் அப்படித்தான் செய்கிறான். கதவைத் திறந்து வைத்து, இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு வைத்தேன். டேஷ்போர்டிலும் ஒன்று வைத்தேன். அப்போது முதலாளியின் வீட்டு அம்மா மில்லுக்குள்ளிருந்து வந்தார். காலையில் சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். கையில் துளசி மாலை.

"சாமி மேல இருந்த மாலைப்பா. வண்டி முன்னாடி கட்டு. அவரு தூரம் போறாரு" என்றார்.

கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். ஆனால் கட்ட இடமில்லை. மற்ற கார் என்றால் ஹெட்லைட்டு வளையத்தில் நாரைச் சுற்றிவிடலாம். இதற்கு எல்லாம் வழவழப்பு. யோசித்துப் பார்த்து, கதவு திறந்திருக்கும்போதே உள்ளே இருந்த இரும்புக் கையில் இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு போட்டேன். சாமி மாலை வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று வாழைநாரை இரட்டையாக முறுக்கிப் போட்டேன். பிறகு குமிழைத் தள்ளினேன். கதவு மூடியது. மாலை முன்னால் அழகாகத் தொங்கியது.

திரும்பத் திறந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். திறக்கும்போது மாலை அறுந்துவிட்டால்? அம்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரயாணம் போகிற வண்டியில் பெருமாள் மாலை அறுவது எவ்வளவு பெரிய அபசகுனம்! அந்தப் பயத்தில்தான் விட்டுவிட்டேன். மாலை கட்டுவதற்கு முன் பத்து தடவை பார்த்தவன், கட்டிய பின் ஒரு தடவை பார்க்கவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை காலை

விடிந்து கடை திறக்கப் போனால் மில் வாசலில் கூட்டம். துரைசாணியை இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பம்பர் உள்ளே போயிருந்தது. விளக்குக் கதவு இரண்டும் மூடியிருந்தன. மாலை இல்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில், தொண்டூர்ப் பக்கத்துக் குடியானவர் முனுசாமியின் மாட்டுவண்டியில் பின்னாலிருந்து கார் மோதிவிட்டது. மல்லாக்கொட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளோடு வண்டி குடை சாய்ந்தது. முனுசாமிக்குத் தோள் எலும்பு முறிந்து செஞ்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர் ஜனம் ரோட்டில் சூழ்ந்துகொண்டு முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவர் வாழ்நாளில் அவர் சட்டையை யாரும் தொட்டதில்லை. பின் சீட்டில் கண்ணயர்ந்திருந்தவர், மோதிய சத்தத்தில்தான் விழித்திருக்கிறார்.

"விளக்கு போடாம ஓட்டியிருக்கான். இவன் குமிழை இழுக்கவே இல்ல" என்பது முதலாளி கட்சி.

"இழுத்தேன் மொதலாளி. கதவு முக்குச்சி, தொறக்கல. அடுத்த ஊருல டீக்கடை வெளிச்சத்துல நிறுத்தி பானட்டத் தொறந்து கையால சுத்தித் தொறக்கலாம்னு மெதுவாத்தான் வந்தேன். நிறுத்தினா ரயிலு போயிடும், நீங்க கோவிப்பீங்கன்னு பயம்" என்றார் ஏழுமலை. நேற்று வரை கிண்டல் பேசிய குரல் அது இல்லை.

"நிறுத்தினப்ப குமிழு உள்ள தள்ளிதானே இருந்துச்சி? நானே பார்த்தேனே!" என்றார் முதலாளி.

"எறங்கறப்ப கை பழக்கத்துல தள்ளிட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்துவிட்டார்.

"டேய் மூர்த்தி, வா இங்க. நேத்து நீதானே வேலை பார்த்தே? பொய் சொல்றது இவனா, வண்டியா? பார்த்துச் சொல்லு. இவன் இழுத்திருக்கலன்னா போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சிட்டு வேற ஆள வச்சிக்கிறேன்."

ஏழுமலைக்கு வேலையும் லைசென்ஸும் என் வாயில் இருந்தன.

4. டெஸ்ட் லேம்ப்

நான் வேலை செய்யும் முறை பேட்டரியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக முன்னால் போவது. அன்றும் அப்படித்தான் போனேன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும், குற்றம் இங்கேயே இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பேட்டரி டெர்மினல் இறுக்கமாக இருந்தது. கரண்டு இருந்தது. குமிழுக்குப் பின்னால் டெஸ்ட் லேம்ப் வைத்தேன், எரிந்தது. சுவிட்சிலும் குற்றமில்லை. பெருமாளே, மோட்டாருக்குக் கரண்டு அனுப்பும் ரிலேயாக இருக்கட்டும் என்றேன். ரிலே சத்தம் கொடுத்தது. அதுவும் நன்றாக இருந்தது. நான் போட்ட எர்த்தாக இருக்கட்டும், வேலை சரியில்லை என்று திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எர்த்தும் கெட்டியாக இருந்தது. பிறகு இடது மோட்டார். அதற்கும் ஒன்றுமில்லை.

மிச்சம் வலது பக்கம்தான். பானட்டைத் தூக்கி, கையால் சுற்றும் திருகைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். வரவில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

பல் சக்கரத்தில் என் இரட்டை நார். கதவு மூடியபோது தளர்ந்து சக்கரத்தின் மேல் விழுந்திருக்கிறது. திறக்கும்போது சக்கரம் அதைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டது. கிரீஸில் ஊறி, கருத்து, நடுவில் நாலு துளசி இலை. சாதா நூலாக இருந்தால் அறுந்திருக்கும். நான்தான் முறுக்கிப் போட்டேனே.

திருகைப் பின்பக்கமாகத் திருப்பி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதை எடுத்தேன். என் முதுகு எல்லோருக்கும் மறைப்பு. அந்த நார் என் காக்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. நான் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கை தானாகப் போட்டது.

"இழுடா" என்றார் முதலாளி.

இழுத்தேன். இரண்டு கதவும் வழுக்கிக்கொண்டு ஏறின. அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். நான் வைத்த சந்தனப் பொட்டு இரண்டும் கண்ணாடியில் தீய்ந்து, பழுப்பாக வெடித்திருந்தன. டேஷ்போர்டில் வைத்த பொட்டோ வைத்தபடியே மஞ்சளாக இருந்தது. நான் இப்போது சோதித்த நிமிஷத்தில் இப்படித் தீயாது, கதவு மூடியபடி வெகு நேரம் உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது. ஏழுமலை குமிழை இழுத்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

"லைட்டு வேலை செய்யுதா இல்லியா?"

"இப்போ... செய்யுதுங்க மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் சட்டென்று திரும்பி, மில் ஆட்கள் இருபது பேர் பார்க்க, ஏழுமலையின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார். ஏழுமலை நாற்பதை எட்டும் மனிதர். கன்னத்தைத் தடவக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்தார். நீ எதையாவது கண்டுபிடித்தாயா என்று கேட்கும் பார்வை இல்லை. நண்பன் ஒருவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருக்கும் பார்வை.

நான் டெஸ்ட் லேம்ப் ஒயரைச் சுருட்டினேன்.

5. சட்டைப் பை

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனேன். என் மனைவி செண்பகம் சட்டையை ஊறவைக்க எடுத்தவள், பைக்குள் கையை விட்டாள்.

"இன்னாங்க இது? பெருமாள் துளசிய கிரீஸோட கசக்கி வச்சிருக்கீங்க? கண்ணு போயிடும்!"

தண்ணீர் சொட்ட நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "கொட்டாய காலி பண்ணச் சொல்லுவாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போறது? அது மட்டுமா, சாமி மாலையாலதான் வண்டி மோதுச்சின்னு என் வாயால எப்படிடி சொல்றது? அபச்சாரம் இல்லியா?" என்றேன்.

அவள் நாரைத் துளசி மாடத்துப் பக்கம் வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஏழுமல பொண்டாட்டி இப்பதான் தண்ணி எடுக்க வந்தா. 'எங்க ஊட்டுக்காரரு குடிப்பாரு, கத்துவாரு, பொய்யி மட்டும் சொல்லமாட்டாருக்கா'ன்னு அழுவுறா. மறுபடியும் சாயந்திரம் வருவா. நான் இன்னா சொல்லட்டும்? அத மட்டும் சொல்லிட்டு சோறு துன்னுங்க."

சாமி அலமாரி முன் போய் நின்றேன். தீப்பெட்டியை எடுத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தாமல் கீழே வைத்தேன். பெருமாள் மாலையை அனுப்பினார், சரி. பல் சக்கரத்தின் மேல் கட்டச் சொன்னாரா? கட்டிய பின் திறந்து பார்க்காதே என்றாரா? என் பயத்துக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

சாப்பிடவில்லை. மாடத்துப் பக்கம் இருந்த நாரை எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு ஓடினேன். மில் குமாஸ்தா ஏழுமலையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, இவரு இழுத்தாரு. நார கட்டினவன் நான்."

கையை விரித்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. வாய்ப்பேச்சில் புரிகிற விஷயமும் இல்லை. அதனால் புது வாழைநார் ஒன்றை வாங்கி வரச் சொல்லி, அதே இரண்டு இரும்புக் கையிலும் அதே மாதிரி முறுக்கி முடிச்சுப் போட்டேன். கதவை மூடினேன். இப்போது சிக்காமல் திறந்துவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள், ஏழுமலை தொலைந்தார். சிக்கினால் நான் தொலைந்தேன். குமிழை இழுத்தேன்.

மோட்டார் முக்கியது. 'டிக்'. நின்றது. கதவு விரல் நுழையாத அளவுக்குத்தான் விலகியது. அந்தச் சந்தில் உள்ளே விளக்கு எரிவது கோடாகத் தெரிந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு முக்கல், மறுபடி 'டிக்'. நாரை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து, தீய்ந்த சந்தனத்தைக் காட்டினேன்.

"டேஷ்போர்டு பொட்டையும் பாருங்க. ரெண்டும் ஒரே சந்தனம், ஒரே நேரத்துல வச்சது."

முதலாளி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கேட்டார்.

"காலையில இந்த வாய் எங்கடா போச்சி?"

அவர் கை ஓங்கியது. நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அடி விழ வேண்டும் என்று வேண்டினேன். விழவில்லை. கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற அம்மா மட்டும், "கட்டச் சொன்னவ நான்தாம்பா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழுமலை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. முனுசாமியின் வைத்தியத்தை முதலாளியே பார்த்துக்கொண்டார். தை மாதம் முனுசாமி மறுபடி ஏர் பிடித்ததை நானே போய்ப் பார்த்தேன். என்னைக் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஆரம்பித்தேன். அங்கே முதலில் வந்து நின்ற வண்டி துரைசாணிதான். டைனமோ பெல்ட் பார்க்க ஏழுமலை கொண்டுவந்தார். முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவருதான் அனுப்பினாரு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வுடு மூர்த்தி. துரைசாணியும் கண்ணத் தொறந்தா, நீயும் தொறந்தே. கொஞ்சம் லேட்டு. அந்த அறைக்கு முன்னாடி தொறந்திருக்கலாம், அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்று முழுவதும் ஸ்பேனரைத் தொடவில்லை.

6. சொல்ல வேண்டியது

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: ஓடுகிற சாமான் பக்கத்தில் மாலை, கயிறு, துணி எதுவும் கட்டாதீர்கள். சாமிக்கு டேஷ்போர்டு போதும். கடைசியாக என்ன செய்தீர்களோ, அதைச் செய்த பிறகு ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். அபசகுனம் என்று பயந்தாலும் பாருங்கள். தப்பு உங்கள் கையிலேயே கிடைத்தால், பைக்குள் போகும் முன் தூக்கிக் காட்டுங்கள். பைக்குள் போய்விட்டால் எடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் வேறொருவர் அடி வாங்கியிருப்பார்.

செஞ்சி பஜாரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். எலக்ட்ரீஷியன் மூர்த்தி முதலாளிக்குப் பயப்படாமல் உண்மையைச் சொல்லி டிரைவரைக் காப்பாற்றினான் என்று. என் பேரப்பிள்ளைகளே அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அந்தக் கதையில் காலை இல்லை, மத்தியானம் மட்டும் இருக்கிறது. ஏழுமலை இன்று இல்லை. இருந்தவரை ஒரு நாளும் அவர் அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

அதனால் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம், மோசமானவனாகவும் ஆக்க வேண்டாம். எது விட்டுப் போனாலும், நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது விழுந்த அந்த அறையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.